சின்னப் பள்ளிக்கு ஆண்டு விழாவும் கல்விச் சீரும்: புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிப் பக்கமோ ஆலங்குடிப் பக்கமோ, ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் பணி ஆணை வாங்கி வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் சேர்த்து 20, 25 பிள்ளைகள். தலைமையாசிரியர் ஒருவர், நீங்கள் ஒருவர். 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, அதனால் மூன்றாவது ஆள் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். பொங்கல் முடிந்த கையோடு எச்.எம். உங்களைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ஆண்டு விழாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். புதிதாக வந்தவர் தலையில்தான் அது விழும், எல்லா ஊரிலும் அப்படித்தான்.

டவுனில் தனியார் பள்ளிகள் நடத்துகிற விழாவை மனதில் வைத்துக்கொண்டு, மின்திரை, வாடகை உடை, புகை கக்கும் மேடை என்று யோசிக்கத் தொடங்கினால் கையில் இருப்பதும் போகும், ஊரும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடும். இந்த வட்டாரத்து கிராமங்களுக்கு விழா எடுக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புரவி எடுப்பு, பூச்சொரிதல், முளைப்பாரி, மஞ்சுவிரட்டு, மொய் விருந்து என்று வருடம் முழுக்க நூற்றுக்கணக்கான பேரைக் கூட்டி, பந்தி போட்டு, கணக்கு முடித்து, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல வயலுக்குப் போகிறவர்கள். அந்தக் கைத்திறன் பள்ளிக்கூட வாசலுக்கும் வரும்படி வழிவிடுவதுதான் உங்கள் வேலை. அதற்கு இப்போது கைகொடுப்பது கல்விச் சீர்.

தாய்மாமன் வீட்டுச் சீர் எப்படிப் போகுமோ, அப்படியே ஊர் மக்கள் தட்டுகளில் தேங்காய், பழம், பூவோடு நோட்டு, பேனா, விளையாட்டுச் சாமான், சுவர்க் கடிகாரம், மின்விசிறி, பீரோ, நாற்காலி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி என்று எடுத்துக்கொண்டு, மேளதாளத்தோடு ஊர்வலமாக வந்து பள்ளியில் இறக்கி வைப்பார்கள். ஆசிரியர்கள் வாசலில் நின்று சந்தனம், குங்குமம், கற்கண்டு கொடுத்து வரவேற்பார்கள். கடந்த சில ஆண்டுகளில் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பகுதிகளில் இது நன்றாகப் பரவியிருக்கிறது. ஆனால் யோசனை புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு இடம் கொடுத்தது யார் என்று ஊரில் விசாரித்துப் பாருங்கள், அநேகமாக ஒரு வீட்டைக் கை காட்டுவார்கள். விழாவுக்கு முதலில் அழைக்க வேண்டிய வீடு அது.

முதல் வேலை: ஆட்களைப் பிடிப்பது

மேடை, மைக் எல்லாம் அப்புறம். முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுவாக இருந்தாலும் பரவாயில்லை, விழா என்றால் வருவார்கள். விழா நடத்துவது, சீர் பெற்றுக்கொள்வது, அந்தக் கணக்கை யார் பார்ப்பது என்ற மூன்றுக்கும் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு எவர் கேள்வி கேட்டாலும் எடுத்துக் காட்ட இது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

அடுத்து நீங்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள், அலுவலகக் கோப்பில் இல்லாதவர்கள். சத்துணவு சமைக்கும் அம்மா, காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழுப் பெண்கள், பள்ளிக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், மினி பஸ் ஓட்டுநர். எந்த வீட்டுப் பிள்ளை எந்தத் தனியார் பள்ளி வேனில் ஏறுகிறது, யார் வீட்டில் எந்தச் சண்டை, எந்தத் தெருவில் முதலில் சொன்னால் மற்ற தெருவும் வரும் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், அது எச்.எம். பார்த்துக்கொள்வார்.

பழைய மாணவர்கள் தனி. இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். அவர்களுக்கென்று ஊர்ப் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் கோயில் திருவிழா வரிக்காகத் தொடங்கியது. அதில் நீங்கள் சேர வேண்டாம். அதில் இருக்கும் ஒருவரைப் பிடித்துச் செய்தியைப் போடச் சொல்லுங்கள். ஆசிரியர் பணம் கேட்டால் அது வசூல், கூடப் படித்தவன் கேட்டால் அது உரிமை.

தேதி பார்ப்பது

இதில்தான் வெளியூர்க்காரர்கள் சறுக்குவார்கள். ஜனவரி மாதத்தில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்தது என்றால், அதற்குப் பிறகு மே வரைக்கும் மாவட்டம் முழுக்க மாறி மாறி ஜல்லிக்கட்டும் மஞ்சுவிரட்டும்தான். மாசியில் திருவப்பூர் மாரியம்மன் திருவிழா, மாசி மகத்துக்குக் குளமங்கலம் ஐயனார் கோயில், பங்குனியில் நார்த்தாமலையும் கொன்னையூரும். இவை பெரிய கோயில்கள். இவை போக உங்கள் ஊர் அம்மனுக்கு எப்போது காப்புக் கட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக் கட்டிவிட்டால் அந்த நாட்களில் ஊரில் வேறு விசேஷம் வைக்கமாட்டார்கள், வெளியூர் போனவர்கள்கூட இரவு தங்க ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடெல்லாம் சில ஊர்களில் உண்டு. கடலோர ஊர் என்றால் நோன்பு மாதத்தையும் தவக்காலத்தையும் பாருங்கள். நோன்பு நாளில் மாலை 5 மணிக்கு விழாவைத் தொடங்கிவிட்டு, முஸ்லிம் தெருவிலிருந்து யாரும் வரவில்லையே என்று கேட்கக் கூடாது.

சம்பா அறுவடை ஓடும்போதும், கடலை பிடுங்கும்போதும் ஆள் வராது. நூறு நாள் வேலை நடக்கிற நாளில் பெண்கள் மாலை 4 மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார்கள், குளித்துக் கிளம்ப 5 ஆகும். ஆகவே பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுவுக்குள், முகூர்த்தம் இல்லாத ஒரு வெள்ளி அல்லது சனிக்கிழமை மாலை என்பது பெரும்பாலும் தோதாக அமையும். தேர்தல் அறிவிப்பு வரப்போகிற வருடமாக இருந்தால் முன்னாலேயே நடத்திவிடுங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால், யார் மேடையேறலாம், யார் கூடாது என்பதிலேயே விழா முடிந்துவிடும்.

ஆண்டு விழாவைத் தள்ளிப்போட முடியாத பள்ளிகள் சீரை மட்டும் தனியாக ஜூலை 15, காமராசர் பிறந்தநாளான கல்வி வளர்ச்சி நாளில் வைத்துக்கொள்கின்றன. அதுவும் நல்ல நாள்தான். வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும், புதுச் சேர்க்கைப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள்.

பட்டியல் கொடுக்காமல் சீர் கேட்காதீர்கள்

என்ன வேண்டும் என்று சொல்லாவிட்டால் 11 சுவர்க் கடிகாரமும் 7 பிளாஸ்டிக் குடமும் வந்து சேரும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பட்டியல் போடுங்கள். பெரியவர்கள் பீரோ, நாற்காலி என்பார்கள், பிள்ளைகள் கழிப்பறைக்கு வாளியும் கப்பும் தாழ்ப்பாளும் என்பார்கள். பிள்ளைகள் சொல்வதைப் பட்டியலில் மேலே வையுங்கள்.

விலை வாரியாக மூன்று அடுக்காக எழுதினால் எல்லாரும் கலந்துகொள்ள முடியும். 50, 100 ரூபாயில் முடிகிற சின்னச் சாமான்கள்: சிலேட்டு, வண்ணப் பென்சில், துடைப்பம், ஸ்கிப்பிங் கயிறு, ஒரு மரக்கன்று. அடுத்தது ஒரு வீடோ இரண்டு வீடு சேர்ந்தோ தாங்கக்கூடியது: மின்விசிறி, தட்டு டம்ளர், பாய், கேரம் பலகை, சிறுவர் கதைப் புத்தகங்கள். மூன்றாவது, பழைய மாணவர்கள் கூடித் தருகிற பெரிய பொருள்: பீரோ, தண்ணீர் சுத்திகரிப்பான், ஸ்பீக்கர். பட்டியலைப் பள்ளிச் சுவரிலும் பெட்டிக்கடையிலும் ஒட்டிவிட்டு, யார் எதை எடுத்துக்கொள்கிறார்களோ அதற்கு நேராகப் பெயர் எழுதச் சொல்லுங்கள். தட்டில் ஒரு டஜன் பென்சில் வைத்துக் கொண்டுவருகிற பாட்டியும் பீரோ தூக்கி வருகிற இளைஞர் மன்றமும் ஒரே வரிசையில் நடந்து வர வேண்டும், கல்விச் சீரின் அழகே அதுதான்.

உபயதாரர் பெயர் எழுதுவது பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம், அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் மின்விசிறி இறக்கை மூன்றிலும் பெயர் எழுதுவது, கரும்பலகையில் பாதியை அடைத்துக்கொண்டு தாத்தா பாட்டி பெயரைப் பெயின்ட் அடிப்பது எல்லாம் வேண்டாம். ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழுத்து இருக்கக் கூடாது என்று குழுத் தீர்மானத்திலேயே போட்டுக்கொள்ளலாம். சாதிப் பட்டப்பெயர் கூடாது, கட்சிக் கொடி நிறம் கூடாது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

ஊர்வலம் எங்கிருந்து கிளம்புகிறது

இது எல்லாவற்றையும்விட முக்கியம், இதைப் பற்றி யாரும் உங்களிடம் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வழக்கமாக, பிள்ளையார் கோயில் வாசலில் தட்டுகளை வைத்துக் கும்பிட்டு அங்கிருந்து கிளம்பலாம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கோயில் வாசலுக்கு ஊரில் எல்லாரும் வர முடியுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். உங்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆதிதிராவிடர் தெருப் பிள்ளைகளாக இருக்கலாம், சின்ன அரசுப் பள்ளிகள் பலவற்றில் நிலைமை அதுதான். வசதியுள்ளவர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். அப்படியிருக்க, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஓரமாக நின்று பார்க்க, தங்கள் பிள்ளைகளை இங்கே சேர்க்காதவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு சீர் தூக்கி வருவது என்றால் அந்த விழாவை நடத்தாமலே இருக்கலாம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை இதே மாவட்டத்தில்தான் நடந்தது. பள்ளிக்கூடம் இதையெல்லாம் தெரியாததுபோல இருக்க முடியாது.

செய்யக்கூடியது என்ன? கிளம்பும் இடத்தைப் பொது இடமாக வையுங்கள். பஸ் நிறுத்தம், நூலகம், ஊராட்சி அலுவலகம், கண்மாய்க்கரை ஆலமரம், எதுவாகவும் இருக்கலாம். இன்னும் நல்லது, இரண்டு மூன்று தெருவிலிருந்தும் தனித்தனியாகக் கிளம்பி ஓர் இடத்தில் சேர்ந்து ஒரே ஊர்வலமாகப் பள்ளிக்கு வருவது. மேளம் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்று கேட்பார்கள். பள்ளிக்கு எது தூரமோ அந்தத் தெருவுக்கு முதலில் என்று சொல்லிவிடுங்கள், அதை மறுத்துப் பேச யாருக்கும் காரணம் கிடைக்காது. பறை, நாதஸ்வரம், பேண்டு எதுவானாலும் வாசிக்க வருகிறவர்களுக்குக் கூலியை முன்பே பேசி, எல்லாரும் சாப்பிடும் பந்தியில் அவர்களையும் உட்கார வையுங்கள். பரிவட்டம், முதல் மரியாதை, குடை பிடிப்பது என்று எதையும் பள்ளி வாசலுக்குள் விடாதீர்கள். ஊர்வலத்தின் முன்னால் பிள்ளைகள் நடக்கட்டும். முதல் மரியாதை அவர்களுக்கு என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். விட்டுக்கொடுக்காத ஊரும் உண்டு. அங்கே ஊர்வலத்தை விட்டுவிட்டு, அவரவர் நேராகப் பள்ளிக்குக் கொண்டுவந்து வைப்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். விழா கொஞ்சம் சத்தம் குறைந்து நடந்தால் ஒன்றும் ஆகாது.

வெடி போடுவதாக இருந்தால் ஊர் எல்லையோடு சரி. பள்ளிக்குப் பக்கத்தில் வைக்கோல் போரும் கீற்றுக் கொட்டகையும் இருக்கும், அது மாசி, பங்குனி வெயில் வேறு.

பணம்: மொய் நோட்டு முறை

அரசிடமிருந்து ஆண்டு விழாவுக்கென்று வருகிற தொகை மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது, சின்னப் பள்ளிக்கு அது சாமியானாவுக்கும் மைக்செட்டுக்குமே இழுபறியாக இருக்கும். மீதி ஊரிலிருந்துதான். ஆனால் பிள்ளைகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கவே கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கட்டாய நன்கொடையைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்.

இந்த மண்ணுக்குத் தெரிந்த வழி மொய். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பதை நீங்கள் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேசை போட்டு, வருகிற ஒவ்வொரு ரூபாயையும் ஊர் பேரோடு நோட்டில் எழுதி, வருடக்கணக்கில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். வங்கியில் உட்கார்ந்தாலும் இவ்வளவு ஒழுங்கு பார்க்க முடியாது. அந்த எழுத்தர்களில் ஒருவரையே கூப்பிட்டு விழா அன்று ஒரு மேசை போட்டு உட்கார வைத்துவிடுங்கள். பக்கத்தில் மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெண், ஒரு பழைய மாணவர். நோட்டில் பெயர், தெரு, தொகை. கொடுத்தவர் கையில் ரசீது. 101, 501 என்று ஒற்றை ரூபாய் சேர்த்துத்தான் தருவார்கள், சில்லறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொய் விருந்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தை மட்டும் மைக்கில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது திருப்பிச் செய்ய வேண்டிய மொய் அல்ல. அதேபோல, தொகையை மைக்கில் வாசிக்காதீர்கள், பெயரை மட்டும் வாசியுங்கள். 5001 என்று ஒரு பெயர் ஒலித்த பிறகு 51 ரூபாயை மடித்து வைத்திருப்பவர் எழுந்து வரமாட்டார். ஆசிரியர்கள் பணத்தைக் கையால் தொட வேண்டாம். அன்று இரவே எண்ணி, மூவரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் கட்டிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெரிய தொகை தர விரும்புகிறவர்களுக்கு அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெற 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தின் இணையதளத்தைக் காட்டிவிடுங்கள், அந்தப் பணம் உங்கள் கைக்கு வராமல் இருப்பதே உங்களுக்கு நிம்மதி.

மேடையில் என்ன நடக்கும்

25 பிள்ளைகள் என்பது குறை அல்ல, வசதி. பெரிய பள்ளியில் நன்றாக ஆடுகிற பத்துப் பேர்தான் மேடை ஏறுவார்கள், இங்கே அத்தனை பேரையும் குறைந்தது இரண்டு தடவை ஏற்றலாம். பேசவே கூச்சப்படும் பிள்ளையைத் திரை இழுக்கவோ அடுத்த நிகழ்ச்சியை ஒரு வரியில் அறிவிக்கவோ விடுங்கள், அவன் வீட்டில் அதற்கே பத்துப் பேர் வருவார்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, பிள்ளைகளும் விடமாட்டார்கள், ஒன்றிரண்டு இருக்கட்டும். ஆனால் ஊரில் இருப்பதை விட்டுவிட்டு யூடியூபைப் பார்த்து மட்டும் ஆடினால் எனக்கு மனசு ஆறாது. முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுகிற பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். இரண்டு பேரை மாலை நேரத்தில் பள்ளிக்கு வரச்சொல்லி, நடவுப் பாட்டோ தாலாட்டோ கும்மி மெட்டோ பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். முதல் நாள் வெட்கப்படுவார்கள், மூன்றாம் நாள் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். சிலம்பம் சுற்றுகிறவர், ஒயிலாட்டக் குழு, கரகம் எடுக்கத் தெரிந்தவர் என்று யார் இருந்தாலும் பிள்ளைகளோடு சேர்த்து மேடையேற்றலாம். கோயில் சடங்கை அப்படியே மேடையில் செய்வது மட்டும் வேண்டாம், பள்ளி எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் உரியது.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டதோடு, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் சேர்ந்து சைக்கிளில் ஊர்வலம் போன காலம் அது. அன்று இளம்பெண்ணாக இருந்தவர் இன்று உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாட்டி. அவரை மேடையில் உட்கார வைத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு கேள்வி கேட்கட்டும். சைக்கிள் எங்கே ஓட்டிப் பழகினீர்கள், விழுந்தீர்களா, வீட்டில் என்ன சொன்னார்கள், முதலில் எழுதிப் பார்த்த பெயர் எது. சிறப்பு விருந்தினர் உரையைவிடக் கூட்டம் இதைத்தான் வாயை மூடிக் கேட்கும், என்னைக் கேட்டால் சிறப்பு விருந்தினருக்குப் பதிலாக இவரையே போட்டுவிடலாம்.

மேடை அலங்காரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். குளமங்கலத்தில் அந்தப் பெரிய குதிரை சிலைக்கு மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளாக வந்து குவியும், பார்த்திருப்பீர்கள். அதே வேலைப்பாட்டைக் கற்றவர் ஒருவர் பக்கத்து ஊர்களில் கிடைப்பார். வண்ணக் காகிதமும் நூலும் வாங்கிக் கொடுத்தால் கைவேலை வகுப்பாகவும் ஆயிற்று, தோரணமாகவும் ஆயிற்று. கீரமங்கலம் பக்கம் என்றால் நிஜப் பூவே மலிவாகக் கிடைக்கும். மேடைக்குப் பள்ளித் திண்ணையே போதும், வாடகைப் பலகை மேடையில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும்போது நமக்கு உயிர் போய்விடும்.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகளே பாடட்டும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டை ஒலிக்கவிடுவதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றுதான் சொல்கிறது. 55 விநாடிப் பாட்டு, ஒரு வாரப் பயிற்சி போதும்.

ஒரு வகுப்பறையில் கண்காட்சி வைக்கலாம். மரக்கால், படி, உழக்கு, இறைகூடை, கமலைச் சால், பழைய சிலேட்டு, பள்ளியின் பழைய குழுப் புகைப்படங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்து, தாத்தா பெயரைப் பாருங்கள் என்று காட்ட ஆசை வரும். அதில் சாதி, பிறந்த தேதி, பெற்றோர் தொழில் எல்லாம் இருக்கும், விரித்து வைக்காதீர்கள். பெயரையும் சேர்ந்த வருடத்தையும் மட்டும் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டினால் போதும், கூட்டம் அதன் முன்னால்தான் நிற்கும்.

பரிசு எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, ஒரே மாதிரி, எவர்சில்வர் கிண்ணமோ டிபன் பாக்ஸோ, அதில் பிள்ளையின் பெயர் வெட்டி. ஐந்தாம் வகுப்பு முடித்துப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு கதைப் புத்தகம். பெரியவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம், அது பீரோவுக்குள் போய்விடும், அவர்களுக்கும் புத்தகமே கொடுங்கள்.

அழைப்பிதழ்

இரண்டு பக்கத்துக்குப் பெயர் போட்டாலும் ஒரு பெயர் விட்டுப்போகும், அந்த ஒருவர் வராமல் இருக்க மாட்டார், வந்து கேட்பார். எனவே அழைப்பவர்கள் ஊர்ப் பொதுமக்கள், பள்ளி மேலாண்மைக் குழு, மாணவர்கள் என்று மட்டும் போட்டு, மேடையில் பேசுகிற மூன்று நான்கு பேரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் யாருடையதும் வேண்டாம். பிள்ளைகள் கையால் எழுதி வண்ணம் தீட்டிய அழைப்பை வெற்றிலை பாக்கோடு வீடு வீடாக அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தால் அச்சடித்ததைவிட மதிப்பு அதிகம். தனியார் பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிற வீட்டையும் விடாதீர்கள், அவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதுதானே விஷயம்.

விழா அன்று

காலையில் மைக்செட் போட்டுவிடுவார்கள், பாட்டையும் போட்டுவிடுவார்கள். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கு முன்பே ஒரு கடிதம் கொடுத்திருக்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாலை 5 மணி என்று போட்டால் 6 மணிக்குத் தொடங்கும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சியை முதலில் வையுங்கள், 8 மணிக்கு மேல் அவர்கள் அம்மா மடியில் தூங்கிவிடுவார்கள், எழுப்பி ஆடவைப்பது பாவம். உரைகளை ஆட்டங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகிவிடுங்கள். ஐந்து உரையைச் சேர்த்து முதலிலேயே வைத்தால் பந்தல் காலியாகிவிடும்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். சுண்டல், பானகம், டீ என்று முடிக்கலாம். சமைத்தே ஆக வேண்டும் என்று ஊர் சொன்னால், பள்ளி வளாகத்திலேயே, பள்ளி சமையல்காரர் தலைமையில், எல்லாத் தெருப் பெண்களும் சேர்ந்து சமைக்கட்டும், எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடட்டும். சைவமாகவே வையுங்கள். இத்தனை பேருக்கு ஆட்டுக்கறி சமைத்து அது வெயிலில் கெட்டுப்போனால் மறுநாள் செய்தித்தாளில் உங்கள் பள்ளி வரும். தண்ணீர் கேன்களை நினைத்ததைவிட இரட்டிப்பாகச் சொல்லி வையுங்கள். பெண்கள், பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று ஒரு ஆளை இதற்கென்றே நிறுத்துங்கள், விழா மும்முரத்தில் சாவி யாரிடம் என்றே தெரியாது. பக்கத்தில் கிணறு, கண்மாய் இருந்தால் அங்கேயும் ஒரு ஆள்.

மின்சாரம் போகும். போனால் ஜெனரேட்டர் வரும்வரை கும்மிக் குழுவை இறக்கிவிடுங்கள், அதற்கு மைக்கும் வேண்டாம், விளக்கும் அவ்வளவாக வேண்டாம்.

மறுநாளும் அடுத்த வாரமும்

வந்த பொருள் எல்லாவற்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள், கொடுத்தவர் பெயரோடு. வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டிவிடுங்கள், பெட்டிக்கடையிலும் ஒன்று. மீதி 340 ரூபாய் என்றாலும் எழுதுங்கள். பொருளைப் பூட்டி வைக்காதீர்கள். சீராக வந்த கேரம் பலகை அடுத்த ஆண்டு விழாவரைக்கும் உறை பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தால், கொடுத்தவர் வீட்டுப் பிள்ளையே போய்ச் சொல்லிவிடும். பிள்ளைகளின் படங்களைக் குழுக்களில் போடும்போது பெயர், வகுப்பு, வீட்டு விவரம் சேர்க்காமல் போடச் சொல்லுங்கள்.

விழாவின் சூடு இரண்டு வாரத்துக்குத்தான் இருக்கும், அதற்குள் சேர்க்கைக்குக் கிளம்பிவிடுங்கள். ஜூலை 31க்குள் 5 வயது முடிகிற பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியல் அங்கன்வாடியில் இருக்கும். விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இளம் பெற்றோரின் வீட்டுக்கு, எச்.எம்.மும் நீங்களும் தனியாகப் போகாமல், மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பள்ளியின் சிறப்பைச் சொல்ல வேண்டாம், அவர் சொல்வார்.

அப்புறம் மைக்செட், பந்தல், பாத்திர வாடகைக் கணக்கை அந்த வாரமே முடித்துவிடுங்கள். அண்டா மூடி ஒன்று குறைகிறது என்று கட்டாயம் வரும், அது எந்த வீட்டிலோ பத்திரமாக இருக்கும், இரண்டு நாள் விசாரித்தால் கிடைத்துவிடும். பாக்கி வைத்தால் அடுத்த வருடம் அவரையே கூப்பிட முடியாது, சுற்று வட்டாரத்தில் வேறு ஆளும் கிடையாது.